இடுக்கியோடு ஒரு கட்-அவே

எங்கள் குடும்பத்தைப் பொறுத்தவரை ஒரு மந்திரியைக் கொன்றவள் நான். கொன்றது கீழ்வீட்டு மாஷிமாவின் டெலிபோனில்.

அப்போது கல்கத்தாவின் லேக் கார்டன்ஸில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பா பேங்கில் ஆபீசர். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஊர் திருநெல்வேலிப் பக்கம். நான் பிறந்தது கல்கத்தாவில், படித்தது பெங்காலி மீடியத்தில். "தமிழ்ப் பிள்ளைக்கு எதுக்கு இந்தப் படிப்பு?" என்று சொந்தக்காரர்கள் கேட்ட அந்தப் படிப்புதான் டாலிகஞ்ச்சில் புதிதாக வந்திருந்த தொலைக்காட்சி நிலையத்தில், பெங்காலி செய்திப் பிரிவில் எனக்கு உதவியாளர் வேலை வாங்கிக் கொடுத்தது. எழுபதுகளின் பின்பாதி. படமெல்லாம் கறுப்பு வெள்ளை. எங்கள் கட்டடத்தில் டி.வி. இருந்தது, நாங்கள் மாஷிமா, அதாவது பெரியம்மா, என்று கூப்பிடும் கீழ்வீட்டு அம்மாள் வீட்டில் மட்டும். டெலிபோனும் அங்கேதான். காலையில் இங்கிலீஷ் பேப்பரும் அங்கேதான் வரும், அதனால் அப்பாவும் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் இருப்பார்.

சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீஸிலிருந்து எனக்குப் போன் வந்தது. நான் மாஷிமா வீட்டு ஹாலில் நின்றுகொண்டு, சுற்றி யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல், உரக்க பெங்காலியில் பேசினேன்.

"மந்திரியைக் கில் பண்ணியாச்சா? ரொம்ப நல்லது. நேத்தே பண்ணியிருக்கணும். அவருக்குப் பதிலா யாரு? யானைக்குட்டியா? சரி."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அப்பா பேப்பரை மடியில் போட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பெங்காலி அரைகுறை. 'மந்திரி'யும் 'கில்'லும் புரிவதற்கு அது போதும்.

"என்னம்மா சொன்னே இப்போ?" என்றார், குரலை இறக்கி.

ஒரு செய்தியை அன்றைய செய்தியறிக்கையிலிருந்து எடுத்துவிடுவதற்குத்தான் 'கில்' என்று பெயர், மந்திரி ஏதோ ஒரு விழாவில் ரிப்பன் வெட்டிய படத்தைத்தான் எடுத்தார்கள், மிருகக்காட்சி சாலையில் பிறந்த யானைக்குட்டிக்கு அந்த இடம் போயிற்று என்று நான் விளக்கி முடிப்பதற்குள் மாஷிமா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"சர்க்கார் வேலையில இருக்கே. வார்த்தைய அளந்து பேசணும்" என்றார்.

மாடியில் அம்மாவிடம் சொன்னபோது அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். "ஊசிப்போன சாம்பாரக் கொட்டுத மாதிரி. அப்படித்தானளா?"

"அப்படித்தான்மா."

"அப்போ நேத்து வச்ச புளிக்குழம்ப நான் காலைலயே கில் பண்ணிட்டேன்."

அம்மாவுக்கு இந்த மாதிரி வார்த்தைகள் மேல் ஒரு ஆசை வந்துவிட்டது. சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்ததும், "இன்னைக்கு என்ன புதுசு?" என்று கேட்பாள். அவள் கேட்பது செய்தியை அல்ல, வார்த்தையை. செய்தி வாசிப்பவருக்குக் கையை நீட்டிக் காட்டினால் அது 'க்யூ', அவர் அப்போதுதான் வாயைத் திறக்கலாம் என்று சொன்னேன். மறுநாள் அப்பா சாப்பிட உட்கார்ந்ததும் அம்மா கரண்டியை அவர் பக்கம் நீட்டி, "க்யூ" என்றாள். அப்பா பேங்க் கதையை நீட்டி முழக்கினால், "இத கில் பண்ணிருங்க, காப்பி ஆறுது" என்பாள். காஸ் கனெக்‌ஷனுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு நாங்கள் காத்துக்கொண்டிருந்த காலம் அது. சீமெண்ணெய் ஸ்டவ்தான். திரியைத் தூண்டிவிட்டு, நீல ஜ்வாலை வருகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே, "ஸ்டாண்ட்-பை, ஸ்டாண்ட்-பை" என்று, ஒளிபரப்புக்கு முன் 'தயாராக இரு' என்பதற்கு நாங்கள் சொல்வதுபோல, தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

அந்த வருஷம் சீமெண்ணெய்க்குப் பெரிய தட்டுப்பாடு வந்தது. தினமும் லோட்ஷெடிங், அதாவது மின்வெட்டு. விளக்குக்கும் அதே எண்ணெய், அடுப்புக்கும் அதே எண்ணெய். தெருமுனைக் கடையில் எப்போது கதவு திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எல்லோரும் முந்தின நாளே வரிசையில் இடம் பிடித்துவைப்பார்கள். ஆள் நிற்க வேண்டாம், ஒரு செங்கலோ ஓட்டை டின்னோ வைத்தால் போதும். எங்கள் தெருவில் வரிசையாகக் கிடக்கும் செங்கற்களில் எது யாருடையது என்று அம்மாவுக்கு மனப்பாடம். எங்களுடையதில் சுண்ணாம்பால் ஒரு பட்டை அடித்திருப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் டாலிகஞ்ச்சில் எங்கள் எடிட்டிங் அறையில் உட்கார்ந்திருந்தேன். படத்தை வெட்டி ஒட்டுகிற எடிட்டரை 'தாதா' என்போம், பெங்காலியில் அண்ணன். அவர் முன்பு பக்கத்து சினிமா ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர். கழுவி வந்த படச்சுருளை வெட்டுவதற்கு முன்னால் அப்படியே ஓட்டிப் பார்ப்பதற்கு 'ரஷஸ்' பார்ப்பது என்று பெயர். அன்றைக்கு வந்த ரஷஸ் தெற்குக் கல்கத்தாவில் பெண்கள் நடத்திய ஒரு மிச்சில். ஊர்வலத்தை அங்கே அப்படித்தான் சொல்வோம். காலி டின்னைத் தட்டிக்கொண்டு சீமெண்ணெய் கேட்டுப் போகிற ஊர்வலம். சாவி கொடுத்து ஓட்டுகிற சின்ன கேமராவில் எடுத்தது. படம் மட்டும்தான் இருக்கும், சத்தம் இருக்காது. அதை 'மியூட்' என்போம்.

தாதா மேஜையில் இருந்த சின்னத் திரையில், கைப்பிடியைச் சுற்றிப் படத்தை ஓட்டினார். பெண்கள் வாயைத் திறந்து மூடினார்கள். டின்கள் ஆடின. தாதா உச்சுக்கொட்டினார்.

"பாரு, இங்க தூரத்துல நடக்கறாங்க. அடுத்த துண்டுல திடீர்னு ரேஷன் ஆபீஸ் வாசல்ல நிக்கறாங்க. ரெண்டையும் ஒட்டினா பறந்து போன மாதிரி இருக்கும். நடுவுல ஒரு கட்-அவே வேணும்."

கட்-அவே என்றால் நடக்கிற விஷயத்தை விட்டுவிட்டு ஒரு நொடி வேறு எதையாவது காட்டுவது. வேடிக்கை பார்க்கிறவர் முகம், மரத்தில் ஒரு காக்கை, எதுவானாலும் சரி. பார்ப்பவர் கண் அங்கே போய்த் திரும்புவதற்குள் ஊர்வலம் வாசலுக்கு வந்து சேர்ந்துவிடும்.

தாதா இன்னும் கொஞ்சம் ஓட்டினார். "ஆஹா!" என்று கைப்பிடியை நிறுத்தினார். "கிடைச்சாச்சு. இந்த முகத்தைப் பாரு."

பார்த்தேன். என் அம்மா.

கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகியிருந்தாள். நெற்றி முடி கலைந்திருந்தது. வாய் முழுக்கத் திறந்திருந்தது. வலது கை தலைக்கு மேலே உயர்ந்திருந்தது. கையில் எங்கள் வீட்டு இடுக்கி. பருப்புப் பானையை இறக்குகிற இடுக்கியேதான், பிடியில் துணி சுற்றியிருந்ததே.

"இது என்ன ஆயுதம்?" என்று தாதா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "அடேயப்பா. இப்படி ஒரு முகம் நடிகைங்ககிட்டகூடக் கிடைக்காது. இவங்களை நான் விடமாட்டேன்."

நான் குறிப்பு நோட்டைத் திறந்துகொண்டேன். காலையில் நான் கிளம்பும்போது அம்மா அடுப்படியில் இருந்தாள். முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஊர்வலம் என்றால் அப்பாவுக்கு ஆகாது. பேங்குக்குப் போகிற பஸ் வாரம் தவறாமல் ஏதாவது ஒரு மிச்சிலில் மாட்டிக்கொள்ளும், வீட்டுக்கு வந்து அதைப் பற்றி ஒரு பாட்டம் பேசுவார். அம்மா அவருக்கு மோர் ஊற்றிக்கொண்டே, "ஆமா, பொழுது போகாதவுக" என்று தலையாட்டுவாள்.

படம் ஓடுகிற நேரத்துக்கு வாசிக்க வேண்டிய வாசகத்தை எழுதுவது என் வேலைகளில் ஒன்று. 'வாய்ஸ் ஓவர்'. படத்தின் மேல் குரல். எங்கள் பிரிவுக்குத் தலைவி ஒரு பெங்காலிப் பெண்மணி. எல்லோருக்கும் அவர் தீதி, அதாவது அக்கா. அவர் எனக்குச் சொல்லியிருந்த விதி ஒன்றே ஒன்று. படத்தில் தெரிவதை வார்த்தையில் சொல்லாதே, தெரியாததைச் சொல்.

பேனாவை வைத்துக்கொண்டு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற வரிகள் வந்துவிட்டன. அம்மா வருகிற அந்த ஒரு துண்டுக்குத்தான் வரவில்லை. கடைசியில் எழுதினேன்: "அடுப்பில் வைத்ததைப் பாதியில் இறக்கிவிட்டு வந்தவர்கள் இவர்கள்."

தீதி படித்தார். "நல்லா இருக்கு. ஆனா உனக்கு எப்படித் தெரியும்?"

"அந்த இடுக்கியைப் பாருங்க தீதி. வெளியே கிளம்பற யாராவது இடுக்கியை எடுத்துக்கிட்டு வருவாங்களா? பானையை இறக்கிட்டு அப்படியே ஓடி வந்திருக்காங்க."

தீதி படத்தை மறுபடி ஓட்டிப் பார்த்து, "சரியான கண்ணு உனக்கு" என்றார். கண்ணோடு காதும் உண்டு என்பதை நான் சொல்லவில்லை. அன்றைக்கு என் டிபன் டப்பாவில் முட்டைக்கோஸ் இல்லை. தயிர்சாதம்தான் இருந்தது. "ஸ்டவ் அணைஞ்சு போச்சு, எண்ணெய் தீந்துட்டு, இத வச்சுச் சமாளி" என்று காலையில் அம்மா கையில் கொடுத்திருந்தாள். அவள் சொன்ன தொனியில் ஒரு முடிவு இருந்தது. எனக்குத்தான் அப்போது புரியவில்லை.

சாயங்காலம் செய்தி. படச்சுருளை ஓட்டுகிற டெலிசினி அறையிலிருந்து, "ரோலிங்" என்று குரல் வந்தது. எண்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்து, மிச்சில் தொடங்கியது. நான் கட்டுப்பாட்டு அறையின் மூலையில் நின்றேன். வாசிப்பவர் என் வரியை வாசித்தார், அம்மா இடுக்கியை உயர்த்தினாள், ஒரு மூச்சு விடுகிற நேரம், அவ்வளவுதான். அடுத்தது ரேஷன் ஆபீஸ் வாசல். தாதா சொன்னதுபோல யாரும் பறக்கவில்லை. பிறகு உணவு இலாகா அதிகாரி ஒருவர், போதுமான இருப்பு இருக்கிறது என்று சொன்னார். அவருக்குச் சத்தத்தோடு படம்.

இந்நேரம் மாஷிமா வீட்டு ஹாலில் அப்பா உட்கார்ந்திருப்பார். டி.வி. பெட்டியின் மடக்குக் கதவு திறந்திருக்கும். மாடி, கீழ், எதிர்வீடு என்று பதினைந்து பேராவது இருப்பார்கள்.

பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தால் தெருவே இருட்டு. லோட்ஷெடிங். மாஷிமா வாசற்படியில் உட்கார்ந்து பனையோலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தார். "செய்திக்கு முன்னாடியே போயிட்டுது" என்றார். பிறகு என் கையைப் பிடித்து, ரகசியமாக, "நாங்க வந்தோமா?" என்றார்.

'நாங்க' என்றதும்தான் தெரிந்தது, டின் தட்டிக்கொண்டு போனவர்களில் மாஷிமாவும் உண்டு.

மாடியில் அப்பா அரிக்கேன் விளக்கடியில் உட்கார்ந்திருந்தார். அம்மா முட்டைக்கோஸ் பொரியலைத் தட்டில் வைத்தாள். மாஷிமாவிடம் ஒரு டம்ளர் எண்ணெய் கடன் வாங்கியிருந்தாள்; எப்படிக் கிடைத்தது என்று அப்பா கேட்கவில்லை. நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பாத்திரம் கழுவும்போது அவள் காதில் சொன்னேன். "உன்னை கட்-அவே போட்டாச்சு."

கை நின்றுவிட்டது. "அப்படின்னா?"

சொன்னேன்.

"என் மூஞ்சியா? சேலை எப்படி இருந்துச்சு? ஐயோ, அந்தப் பழைய சேலை. கோஷம் நல்லாக் கேட்டுச்சா?"

"கேக்காதும்மா. அது மியூட்."

"அவ்வளவு தொண்டை கிழியக் கத்துனேன், ஒண்ணுமே கேக்காதாமா?" அம்மாவுக்கு அதுதான் பெரிய ஏமாற்றம், அதிலும் இருப்பு இருக்கிறது என்ற அதிகாரிக்கு மட்டும் சத்தம் உண்டு என்று நான் சொன்னதும். கொஞ்சநேரம் கழித்து, "உங்கப்பா பாக்கல. நல்லதாப் போச்சு" என்றாள்.

ஆனால் நகரத்தின் இன்னொரு மூலையான பெஹாலாவில் அன்றைக்கு மின்சாரம் இருந்தது. அப்பா வேலை பார்த்த கிளையில் பாதிப் பேர் பெஹாலாக்காரர்கள், எங்கள் வீட்டுக்கு வந்து போனவர்கள்.

மறுநாள் சனிக்கிழமை, பேங்க் அரைநாள். எனக்கு மத்தியானம் ஷிப்ட் இல்லை. அப்பா வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தார். செருப்பைக் கழற்றினார். கையில் ஒரு மண்கலயம் நிறைய ரசகுல்லா. அதை மேஜையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, இங்க வா."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"நேத்து எங்க போயிருந்தே?"

"ரேஷன் ஆபீசு வரைக்கும்."

"தனியாவா?"

"இல்ல. ஒரு நூறு பேரு."

அப்பா கலயத்தை மேஜையின் நடுவுக்குத் தள்ளிவைத்தார். நான் உள் அறைக் கதவருகே நின்றேன். பிறகு அவர் சொல்லத் தொடங்கினார். காலையில் பேங்கில் நுழைந்ததும் கேஷ் கவுன்ட்டரில் இருந்தவர் எழுந்து நின்றாராம். "தாதா, நேற்று டி.வி.யில் பௌதி!" என்றாராம். பௌதி என்றால் அண்ணி. மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டார். அப்பா சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டே போனார். மேனேஜர் டீ வரவழைத்துக் கொடுத்து, "என் மனைவி ஒரு வாரமாகக் கரியடுப்பில் கண் எரிந்து அழுகிறாள், உங்கள் மனைவியைப் பார்த்ததும் எழுந்து கை தட்டினாள், வீட்டுக்கு இதைக் கொண்டுபோங்கள்" என்று ப்யூனை அனுப்பி ரசகுல்லா வாங்கிவரச் சொன்னாராம்.

"ஊரு பூரா பாத்திருக்கு" என்றார் அப்பா. குரல் உயர்ந்தது. "பெஹாலா பூரா பாத்திருக்கு. எம்பொண்டாட்டிய நான் மட்டும் பாக்கல. கையில என்னமோ வச்சிருந்தியாமே, எல்லாரும் கேக்கான், எனக்குப் பதில் சொல்லத் தெரியல. என்ன வச்சிருந்தே?"

"இடுக்கி."

"இடுக்கியா?"

"அணைஞ்ச அடுப்புலருந்து பருப்ப இறக்கிட்டு இருந்தேன். மாஷிமா கூப்பிட்டாக. அப்படியே போயிட்டேன்."

அப்பா என் பக்கம் திரும்பினார். "அத இன்னொரு தடவ போட மாட்டாகளா?"

போட மாட்டார்கள் என்றேன். அவர் முகம் வாடியதைப் பார்த்து அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று பேரும் ரசகுல்லா சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை தீதி என்னைக் கூப்பிட்டார். நிலையத்துக்கு நிறைய போன் வந்ததாம், அந்த இடுக்கி அம்மா யார் என்று. "அவங்களைக் கண்டுபிடிக்கணும். அதிகாரி பேசினார், இவங்க பேசலியே. ஒரு பைட் எடுத்துட்டு வரலாம்." பைட் என்றால் பேட்டியிலிருந்து எடுக்கும் ஒரு கடி, ஒருவர் தன் வாயால் சொன்ன ஒரு சின்னத் துண்டு. "ஆனா லேக் கார்டன்ஸ்ல போய் எங்கன்னு தேடறது?"

இதற்கு மேல் மறைக்க முடியாது. "தேட வேண்டாம் தீதி. எங்க வீட்டு மாடியிலதான் இருக்காங்க" என்றேன்.

தீதி பேனாவைக் கீழே வைத்தார். எடிட்டர் தாதா பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "சரியான கண்ணு!" என்று தீதி என்னையே பார்த்துச் சொன்னார். பிறகு மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கேள்வியைத் தானே கேட்பதாகவும் நான் மைக்கை மட்டும் பிடித்தால் போதும் என்றும் முடிவு செய்தார்.

அன்றைக்கே போனோம். ஆபீஸ் காரில் தீதி, நான், கேமராமேன், கூடவே சத்தத்தையும் சேர்த்துப் பிடிக்கிற அந்தக் கனமான கேமரா. அப்பா பேங்கில் இருந்தார். தெருவே கூடிவிட்டது. அம்மா உள்ளே ஓடிப்போய் நல்ல சேலை கட்டிக்கொண்டு, தலைவாரி, பொட்டை நேராக வைத்துக்கொண்டு வந்தாள். படத்தில் இருந்த பழைய கோலத்தைத் தேடி வந்த தீதிக்கு அது பிடிக்கவில்லை. கடை வாசலில் செங்கல் வரிசைக்குப் பக்கத்தில் நிற்கவைத்தோம்.

கேமரா ஓடியதும் அம்மா மரம்போல ஆகிவிட்டாள். தீதி கேள்வி கேட்டார். அம்மா பள்ளிக்கூட மேடையில் ஒப்பிக்கிற பிள்ளைபோல, "நமஸ்காரம். எண்ணெய் இல்லாமல் எங்களுக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது. சர்க்கார் தயவுசெய்து கவனிக்க வேண்டும்" என்றாள். இரண்டாவது கேள்விக்கும் அதே பதில். மூன்றாவதுக்கும் அதே. கேமராமேன் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

தீதி நன்றி சொல்லிவிட்டு, "நாடி எடுத்துடலாம்" என்றார்.

அந்தக் காலத்தில் எங்களிடம் இருந்தது ஒரே கேமரா. அது பதில் சொல்பவரையே பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் பேட்டி முடிந்த பிறகு கேமராவைத் திருப்பி, கேள்வி கேட்டவர் தலையாட்டுவதைத் தனியாக எடுப்போம். தலையாட்டலுக்கு இங்கிலீஷில் 'நாட்', அதனால் அதற்கு 'நாடி' என்று பெயர். இரண்டையும் ஒட்டினால், ஒருவர் பேச மற்றவர் கேட்டுக்கொண்டிருப்பதுபோல இருக்கும். இந்த வார்த்தையை அம்மாவுக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

கேமரா தீதியின் பக்கம் திரும்பியது. தீதி எதிரே நின்ற அம்மாவைப் பார்த்து, முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு, மெதுவாகத் தலையை ஆட்டினார். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. படம் எடுப்பது முடிந்துவிட்டது, ஆனால் இந்தப் பெண் இன்னும் அக்கறையாகக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள் என்று நினைத்துவிட்டாள். தோளைத் தளர்த்தினாள். தலைப்பை இடுப்பில் செருகினாள். பேச ஆரம்பித்தாள்.

"இல்ல, நான் கேக்கறேன். அந்த ஆபீசர் இருப்பு இருக்கு, இருப்பு இருக்குன்னாரே, எங்க இருக்கு? இதோ இந்தச் செங்கல்லைப் பாருங்க. இது என்னோடது. இது ஒரு வாரமா நிக்குது. எனக்குப் பதிலா மழையில நனைஞ்சுது. செங்கல்லுக்குக் கால் வலிக்காது, எனக்கு வலிக்கும்."

அம்மா வாயைத் திறந்ததுமே என் கை தானாக மைக்கை அவள் பக்கம் நீட்டிவிட்டது. தீதிக்குச் சிரிப்பு முட்டியது. ஆனால் கேமரா அவர் முகத்தில் இருந்தது, அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். ஆட்ட ஆட்ட அம்மாவுக்கு உற்சாகம் ஏறியது. கேமராமேன் தீதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சத்தமில்லாமல் கேமராவை அம்மா பக்கம் திருப்பினார். அம்மா அதைக் கவனிக்கவே இல்லை.

"அவர் பெரிய மனுஷர், பொய் சொல்ல மாட்டார். இருப்பு இருக்கட்டும். ஒரு நாள் காலையில எங்க வரிசையில வந்து நிக்கச் சொல்லுங்க. அந்த இருப்புலருந்து ஒரே ஒரு டம்ளர் எண்ணெய் எனக்குத் தரச் சொல்லுங்க. அவருக்கு நானே சூடா தோசை வார்த்துப் போடறேன். வயிறு நிறையச் சாப்பிட்டுட்டு, அப்புறம் டி.வி.யில வந்து சொல்லட்டும், எல்லாம் இருக்குன்னு!"

சுற்றி நின்றவர்கள் ஓவென்று கத்தினார்கள். அதே நேரம் கேமராவுக்குள் படச்சுருள் தீர்ந்து படபடவென்று அடித்தது. அப்போதுதான் அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"ஏளா, இதையுமா எடுத்தாக?"

"இதைத்தான்மா எடுத்தாங்க."

"அய்யய்யோ, தலைப்பக்கூடச் செருகிட்டேனே!"

தீதி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க செருகினதாலதான் படமே வந்துது" என்றார். பிறகு மாடிக்கு வந்து அம்மா போட்ட காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். கேமராமேன் போகிற வழியில், இன்னொரு சுருளைப் போட்டு, செங்கல் வரிசையைக் கட்-அவேக்கு எடுத்துக்கொண்டார். சுண்ணாம்புப் பட்டை அடித்த எங்கள் செங்கல் நடுநாயகமாக இருந்தது.

எடிட்டர் தாதா முதல் மூன்று பதிலையும் கண் சிமிட்டாமல் கில் செய்தார். தோசை முழுசாக இருந்தது. அதைத் தொடர்ந்து அதிகாரியின் பழைய பேச்சைப் போடலாமா என்று தாதா கேட்டார். வேண்டாம், அவரிடம் மறுபடி கேட்டு புதுசாக எடுத்துப் போடலாம் என்றார் தீதி. கேட்டபோது அந்த அதிகாரி சிரித்துவிட்டு, சில இடங்களில் தாமதம் இருப்பது உண்மைதான், சரிசெய்கிறோம் என்றாராம். மனுஷர் நல்லவர்தான்.

செய்தி போகிற அன்றைக்கு தீதி என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். "உங்கப்பா பக்கத்துல இருந்து பாரு" என்றார்.

மாஷிமா வீட்டு ஹாலில் உட்கார இடமில்லை. அப்பா பேங்கிலிருந்து நேரே வந்து, டி.வி.க்கு நேர் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கரண்ட் போய்விடக் கூடாது என்று மாஷிமா காளியை வேண்டிக்கொண்டார். செய்தி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் பல்பு மங்கியது. எல்லோரும் மூச்சைப் பிடித்தோம். பிறகு பழையபடி எரிந்தது. அம்மா கடைசி வரிசையில், கதவுக்குப் பின்னால், பாதி மறைந்துகொண்டு நின்றாள்.

முதலில் செங்கல் வரிசை. பிறகு தலையாட்டும் தீதி. அவர் முகத்தின் மேல் அம்மாவின் குரல் வந்தது. அடுத்த துண்டில் அம்மாவே வந்தாள். நான் திரையைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தேன். அவர் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. தோசை வந்ததும் ஹாலில் எழுந்த சத்தத்தில் அதற்குப் பிறகு அதிகாரி சொன்னது ஒருவர் காதிலும் விழவில்லை. மாஷிமா எழுந்துபோய் அம்மாவைக் கதவுக்குப் பின்னாலிருந்து இழுத்துவந்தார்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. மாடிக்கு வந்த பிறகும் வெகுநேரம் யோசனையாகவே இருந்தார். அம்மாவுக்குக் கவலையாகிவிட்டது.

"என்ன, பேசாம இருக்கிய? பிடிக்கலையா?"

"அது இல்லட்டி." அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "உனக்கு இவ்வளவு பெங்காலி எப்ப வந்துச்சு?"

அம்மாவுக்குக் கேள்வியே புரியவில்லை. "எப்ப வந்துச்சுன்னா? இங்க வந்து இருவத்தஞ்சு வருஷம் ஆச்சு. காய்க்காரன்கிட்ட, பால்காரன்கிட்ட, மாஷிமாட்ட, பின்ன எதுலதான் பேசுவேன்?"

"நீ பேசி நான் கேட்டதே இல்லையே."

"நீங்க இருக்கும்போது உங்கட்டல்லா பேசுவேன். அது தமிழ்தானே."

அப்பா தலையைக் குனிந்து சிரித்தார். பேங்கில் இருபத்தைந்து வருஷமாக இங்கிலீஷையும் அரைகுறை பெங்காலியையும் வைத்து ஒப்பேற்றுகிறவர் அவர். வாடகை வாங்கும் வீட்டுக்காரரிடம் பேசுவதென்றால் முந்தின நாளே வார்த்தைகளைத் தாளில் எழுதிவைத்துக்கொள்வார். ஒவ்வொரு மழைக்கும் கூரை ஒழுகுகிறது என்று சொல்லப் போவார், வீட்டுக்காரர் தேநீர் கொடுத்து நல்ல பெங்காலியில் நீளமாக ஏதோ சொல்வார், இவர் "ஹேன், ஹேன்", ஆமாம் ஆமாம், என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். கூரை ஒழுகிக்கொண்டே இருக்கும்.

"அப்போ ஒண்ணு செய்யி" என்றார் அப்பா. "வார ஞாயித்துக்கெழம வீட்டுக்காரர்ட்ட நீ பேசு."

"பேசுதேன். நீங்க சும்மா வந்து பக்கத்துல நின்னாப் போதும்."

அதற்கு இரண்டு நாள் கழித்து தெருமுனைக் கடைக்கு எண்ணெய் வந்தது. அந்த வாரம் ஊரெங்கும் லாரி வந்தது, உங்கள் அம்மாவால் என்று பெருமை அடித்துக்கொள்ளாதே என்று எடிட்டர் தாதா என்னிடம் சொன்னார். நான் அதை வீட்டில் சொல்லவில்லை. கடைக்காரர் அம்மாவைப் பார்த்ததும், "தோசா மாஷிமா, முதல்ல உங்க டின்னைக் கொடுங்க" என்றாராம். அம்மா வரிசைப்படியே நின்று வாங்கிக்கொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் கிளம்பினார்கள். அப்பா இஸ்திரி போட்ட சட்டை, அம்மா நல்ல சேலை. ஒரு மணி நேரம் ஆகும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்திலேயே திரும்பிவிட்டார்கள். வீட்டுக்காரர் அம்மாவை டி.வி.யில் பார்த்திருந்தாராம். அம்மா பேச ஆரம்பிப்பதற்குள், கொத்தனாரை அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டாராம். தயாராக வைத்திருந்ததெல்லாம் வீணாகிவிட்டதே என்று அம்மாவுக்கு வருத்தம். அந்த வாரமே கூரைக்குத் தார் பூசினார்கள். அடுத்த மழையில் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை.